நூல் வணிகர் பட்டியல்கள்

நூலொன்றை வெளியிட்டவர் யாவர், அதன் விலை யாது, இன்னும் விற்பனையிலுள்ளதா என்னும் வினாக்களுக்கு விடைபகர்வன நூல் வணிகர் பட்டியல்களேயாம். இங்கிலாந்தில் இவற்றுக்கு வழிகோலியவர் அந்திரூ மோன்செல் என்னும் இலண்டன் புத்தக வணிகர். 1595ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் பட்டியல், ஆசிரியரைக் குடும்பப் பெயரால் வரிசைப்படுத்திற்று. ஆங்கில நூலகர் இன்றும் கைக்கொள்ளும் முறை அதுவே. முதற்பகுதி சமயநூல்களுக்குரியது, இரண்டாவது கணிதம், இசை, கடற்பயணம், மருத்துவம் முதலியவற்றுக்குரியது. கவிதையும் வரலாறும் இடம்பெறவிருந்த மூன்றாம் பகுதியோ வெளிவரவேயில்லை. ஆதலின், கவிதைநூலொன்று ஆங்குக் காணப்படாமைகொண்டு அஃது அச்சேறவில்லையெனத் துணிதல் பெரும்பிழையாகும். பட்டியலைப் புரட்டுமுன் நூலகர் அதன் முன்னுரையைப் படித்தல்வேண்டும். நாட்டைவிட்டோடிய கத்தோலிக்கர் எழுதியவற்றையும் அரசுக்கு மாறானவற்றையும் தாம் தொடவில்லையென மோன்செல் தம் முன்னுரையில் ஒளியாது கூறியுள்ளார்.