ஒரே படத்தில் இரண்டு கோடுகள்

வங்கியில் கடன் கேட்கவும், வெளியூர் வியாபாரியிடம் சரக்கைப் பற்றி விளக்கவும் கணிப்பொறியில் ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான ஸ்லைடுகளில் இருப்பது வெறும் எழுத்து. பேசுபவர் திரையைப் பார்த்துப் படிக்கிறார். கேட்பவர்கள் அவருக்கு முன்பே படித்து முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஸ்லைடில் ஆங்கிலம். நல்ல படம் ஒன்று இருந்தால் இந்த மொழித் தொல்லை பாதி குறையும்.

சித்தூர் வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தந்த மாம்பழக் கூழ்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோதாபுரி, அதாவது நாம் கிளிமூக்கு என்று சொல்லும் மாம்பழம், ஜூன், ஜூலை மாதங்களில் மலைபோல் வந்து குவியும். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய பழத்தைத் தொழிற்சாலை அந்தச் சில வாரங்களிலேயே வாங்கியாக வேண்டும். கூழ் விற்பதோ ஆண்டு முழுவதும். கடன் தேவைப்படுவது இதனால்தான்.

இதை எழுத்தில் சொன்னால் ஒரு பக்கம் ஆகும். படத்தில் சொல்லிப் பாருங்கள். கீழே பன்னிரண்டு மாதங்கள்; பக்கவாட்டில் ரூபாய். செலவுக்கு ஒரு கோடு, வரவுக்கு ஒரு கோடு. செலவுக் கோடு இரண்டு மாதம் கோபுரம்போல் உயர்ந்து பிறகு தணியும். வரவுக் கோடு அதிக ஏற்ற இறக்கமின்றி ஓடும். உயர்ந்த இடத்தில் தெரியும் இடைவெளிதான் நாம் கேட்கும் கடன். பின் மாதங்களில் வரவுக் கோடு மேலே இருப்பது, அதைத் திருப்பிக் கட்டும் வழி. அதிகாரி கேட்கப்போகும் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே படத்தில் கிடைத்துவிடுகிறது.

எந்த விஷயத்துக்கு எந்தப் படம்? காலப்போக்கில் மாறுவதற்குக் கோட்டுப் படம். ஒன்றோடொன்றை ஒப்பிடப் பட்டைப் படம். மொத்தத்தில் பங்கு காட்ட வட்டப் படம். அதிலும் ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் போனால் கண் தடுமாறும். கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் 1786-லும், வட்டப் படத்தை 1801-லும் அச்சிட்டுக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். வேலை நடக்கும் வரிசையைச் சொல்லக் கட்டங்களும் அம்புகளும் போதும்: பழுக்க வைத்தல், கழுவுதல், கொட்டை நீக்கிக் கூழாக்குதல், சூடாக்குதல், அடைத்தல்.

படம் தவறினால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தனர். முந்தின நாள் இரவே, குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக இயங்காது, ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் பல தாள்களை அனுப்பி வாதாடியிருந்தார்கள். ஆனால் வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் எல்லாப் பயணங்களுக்கும் சேர்த்துக் காட்டும் படம் அந்தத் தாள்களில் இல்லை. பின்னர் விசாரணைக் குழு அப்படிச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவிய நான்கு பயணங்களிலும் சேதம். அதற்கு மேல் ஏவிய இருபதில் மூன்றில்தான் சேதம். ஒப்பிட வேண்டிய இரண்டும் வேறு வேறு தாள்களில் கிடந்தால், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது. அவசரத்தில் அவர் அதைச் செய்யமாட்டார்.

இன்னும் சில குறிப்புகள். ஒரு ஸ்லைடில் ஒரு விஷயம் போதும். தலைப்பில் "விற்பனை" என்று மட்டும் எழுதாமல், "ஏற்றுமதி விற்பனை உள்ளூர் விற்பனையை முந்தியது" என்று முடிவையே எழுதுங்கள். பட்டைகளைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரிந்து, விவரம் அறிந்தவர் நம்மைச் சந்தேகிப்பார். நிழல், பூ வேலை, முப்பரிமாண அலங்காரம் எதுவும் வேண்டாம்.

தயாரித்த படத்தை அந்தத் தொழில் தெரியாத வீட்டார் ஒருவரிடம் காட்டிவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததை அவர் தாமாகச் சொல்லிவிட்டால், அந்தப் படத்தை எந்த ஊருக்கும் தைரியமாக எடுத்துப் போகலாம்.