பன்னிரண்டே படம், பளிச்சென்று வரவேண்டும்!

சட்டைப் பையில் இருக்கும் செல்போனை எடுத்தால் ஒரு நிமிடத்தில் நூறு படம் பிடிக்கலாம். பிடித்ததை உடனே பார்க்கலாம். சரியில்லை என்றால் அழித்துவிடலாம். செலவு காலணா கிடையாது.

இந்தக் காலத்திலும், ஒரு சுருளுக்கு 12 படம் மட்டுமே தரும் பழைய காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மும்பை கோட்டைப் பகுதியிலும் மெரின் டிரைவிலும் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். "இது என்ன பைத்தியம்?" என்று கேட்கத் தோன்றும். பைத்தியம்தான். ஆனால் காரணம் உள்ள பைத்தியம்!

சிலைடு என்பது என்ன?

முன்பெல்லாம் சினிமா கொட்டகையில் இடைவேளையின்போது ஜவுளிக்கடை விளம்பரமும், பல்பொடி விளம்பரமும் திரையில் வரும். "சிலைடு போடுகிறார்கள்" என்று சொல்லுவோம் அல்லவா? அந்தச் சிலைடுக்குச் சொந்தக்காரன்தான் சிலைடு பிலிம்.

சாதாரண கலர் பிலிமைக் கழுவினால் எல்லாம் தலைகீழாக இருக்கும். வெள்ளை வேட்டி கறுப்பாகவும், கறுத்த முடி வெளுப்பாகவும் தெரியும். அதைக் காகிதத்தில் பிரிண்ட் போட்ட பிறகுதான் ஆள் யார் என்றே தெரியும்.

சிலைடு பிலிம் அப்படி அல்ல. அதைக் கழுவி எடுத்தால் அந்த பிலிமே படம்! ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கண் பார்த்த நிறம் அப்படியே ஒளிவிடும். காகிதத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அல்ல இது. பிலிமின் ஊடே பாய்ந்து வரும் வெளிச்சம். அதனால்தான் அத்தனை பளபளப்பு.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது 'கோடாக்குரோம்'. 1935ஆம் ஆண்டில் வந்தது. இதைக் கண்டுபிடித்த மான்னஸ், கோடவ்ஸ்கி இருவரும் இசைக் கலைஞர்கள் என்பது வியப்பான செய்தி. ரகுபீர் சிங் இந்தியாவின் தெருக்களையும் கங்கைக் கரையையும் கோடாக்குரோமில் பிடித்தே உலகப் பெயர் பெற்றார். 2009இல் இதன் தயாரிப்பு நின்றது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் இதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசிக் கூடம் 2010 டிசம்பர் 30ஆம் தேதியோடு சுருள் வாங்குவதை நிறுத்தியது. கடைசியாகத் தயாரான சுருளை வைத்து ஸ்டீவ் மெக்கரி படம் பிடித்த இடங்களில் நமது மும்பையும் ஒன்று!

அகல பிலிம்

சிலைடின் அழகை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அகல பிலிமில் பிடிக்க வேண்டும். இதற்கு '120' என்று பெயர். கோடக் கம்பெனி 1901இல் கொண்டு வந்த அளவு இது. 120 ஆண்டுகள் கடந்தும் இன்னும் தயாராகிறது!

பிலிமின் அகலம் சுமார் 6 சென்டிமீட்டர். பின்னால் கறுப்புக் காகிதம் சுற்றியிருக்கும். 6க்கு 6 சதுரமாகப் பிடித்தால் 12 படம். 6க்கு 7 என்றால் 10 படம். 6க்கு 9 என்றால் 8 படம் வரும். சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். சதுரப் படமோ 56க்கு 56. கணக்குப் போட்டால் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாக உடையாது.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஊரில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் நிற்கும் சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், அது பெரும்பாலும் இந்த பிலிமில் பிடித்ததாகவே இருக்கும். குஜராத்தின் பரோடாவில் தயாரான 'அக்பா கிளிக் 3' காமிரா நடுத்தரக் குடும்பங்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்து விற்றது. இன்று அந்த ஆலை இல்லை. பெட்டியில் உள்ள படங்கள் இருக்கின்றன.

குனிந்து பார்க்கும் காமிரா

அகல பிலிம் காமிராக்களில் புதியவர்களுக்கு ஏற்றது, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள வகை. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் பிடிப்பதற்கு. ஜெர்மனியின் ரோலைபிளெக்ஸ் 1929இல் இதற்கு வழி காட்டியது. ஜப்பானின் யாஷிகாமேட் 124ஜி, 1970 முதல் 1986 வரை தயாரானது. பழைய சாமான் சந்தையில் இன்றும் கைமாறுகிறது.

இதைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றருகே பிடித்து, தலையைக் குனிந்து, கண்ணாடித் திரையில் பார்க்க வேண்டும். இடது வலமாகவும் வலது இடமாகவும் தெரியும். முதல் நாள் தலை சுற்றும். பத்து நாளில் பழகிவிடும்.

குனிந்து நிற்கிறவரைக் கண்டு யாரும் கூச்சப்படுவதில்லை. "போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும்" என்று இன்னும் நம்பும் பாட்டிகூட முகத்தை மூடிக்கொள்ள மாட்டார்!

மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர் கையாண்ட காமிராக்களில் ரோலைபிளெக்சும் ஒன்று. நாடு விடுதலை பெற்ற நாட்களைப் படம் பிடித்தவர் அவர். 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

எந்த பிலிம் வாங்கலாம்?

அகல அளவில் இன்று தேர்ந்தெடுக்க சில வகைகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

பியூஜி வெல்வியா 50: 1990இல் வந்த வகை. பச்சையை மேலும் பச்சையாக்கும். சிவப்பைக் கொதிக்க வைக்கும். மழைக்குப் பிந்தைய மேற்குத் தொடர்ச்சி மலை, அந்திவானம் இவற்றுக்கு இதற்கு நிகர் இல்லை. ஆனால் மனிதர் முகத்தைப் பிடித்தால், வெயிலில் வெந்தவர் போல ஆக்கிவிடும்.

பியூஜி புரோவியா 100எப்: உள்ளதை உள்ளபடி காட்டும் வகை. அரக்குப் பட்டு அரக்காகவே வரும். மயில் கழுத்து நிறம் மயில் கழுத்தாகவே வரும். இரவில் இரண்டு நிமிடம் வரை திறந்து வைத்தாலும் கணக்கு மாறாது. மெரின் டிரைவின் விளக்கு வரிசைக்கு ஏற்றது.

கோடக் எக்டாக்குரோம் இ100: நின்று போய் 2018இல் மீண்டும் வந்தது, அகல அளவில் 2019 முதல் கிடைக்கிறது. வெள்ளை சுத்தமாக இருக்கும். முகங்களுக்கு நல்லது.

மூன்றும் பகல் வெளிச்சத்துக்கென்றே செய்தவை. பழைய குண்டு பல்பின் கீழ் பிடித்தால் மஞ்சளும், டியூப் லைட்டின் கீழ் பிடித்தால் பச்சையும் தட்டும். வீட்டுக்குள் பிடிப்பதானால் ஆளை ஜன்னலோரம் உட்கார வைப்பதே நல்லது.

கணக்கு தப்பினால் காசு போச்சு!

சாதாரண கலர் பிலிம் தாயைப் போல. வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டாலும் மன்னித்துவிடும். சிலைடு பிலிம் கண்டிப்பான வாத்தியார். அரை ஸ்டாப் தவறினாலும் தெரிந்துவிடும். வெளிச்சம் கூடினால் வெள்ளைச் சட்டை வெற்றுக் கண்ணாடியாகிவிடும். போன விவரத்தை எந்த வித்தையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நல்ல வெயிலில் 100 வேக பிலிமுக்கு லென்ஸ் திறப்பு 16, வேகம் 125இல் ஒரு வினாடி. 50 வேக பிலிமுக்கு அதே திறப்பில் 60இல் ஒரு வினாடி. இது பழைய காலத்துச் சூத்திரம், இன்றும் பொய்ப்பதில்லை. ஆனால் உச்சிவெயிலில் முகத்தில் பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாக விழும். இரண்டையும் சேர்த்துத் தாங்க சிலைடால் முடியாது. காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நான்கரைக்கு மேல் பிடிப்பவரே புத்திசாலி.

மீட்டர் வைத்து அளக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணுவது மீட்டரின் சுபாவம். வெள்ளை வேட்டியைக் காட்டினால் படம் இருண்டுபோகும். கறுத்த முகத்தை மட்டும் காட்டினால் வெளுத்துப்போகும். ஆள் மேல் விழும் வெளிச்சத்தையே அளக்கும் மீட்டர் இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கும்.

வாங்கும் முன் கவனியுங்கள்

இன்று ஒரு சுருளின் விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். கழுவும் கூலி தனி. தபால் செலவு வேறு. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு படம் நூறு ரூபாயைத் தாண்டிவிடும்! மாதச் சம்பளக்காரர்கள் யோசித்தே இறங்க வேண்டும்.

'இ6' என்ற முறையில்தான் இதைக் கழுவ வேண்டும். முதல் மருந்து 38 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் பிசகினாலும் நிறம் மாறும். இதைச் செய்யும் கூடங்கள் மிகக் குறைவு. கழுவித் தருகிறவரை உறுதி செய்துகொண்ட பிறகே சுருள் வாங்குங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று காலாவதியான சுருளை வாங்கினால் நிறம் கெட்டிருக்கும். டப்பாவில் தேதியைப் பாருங்கள். பழைய காமிரா வாங்கினால் லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. மும்பை மழைக்காலத்தில் இது சீக்கிரம் பரவும். காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உருண்டைகளோடு வையுங்கள். பிலிமைக் குளிர்பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்துச் சில மணி நேரம் கழித்தே பிரிக்க வேண்டும். விமான நிலையத்தில் பிலிமைக் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். புதிய வகை ஸ்கேனர்கள் பிலிமைப் பாழாக்கிவிடும்.

ஒரு படம் போதும்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். லீவு நான்கே நாள். காமிராவில் ஒரே சுருள். முதல் நாள் வயலுக்கு இரண்டு படம், கோயிலுக்கு இரண்டு படம் என்று போகிறது. மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் மிச்சம் மூன்று!

அப்போதுதான் அவர் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைக்கிறார். வெயில் சாயும் வரை காத்திருக்கிறார். வெளிச்சத்தை இரண்டு முறை அளக்கிறார். அம்மா, "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று சிரிக்கும்போது பொத்தானை அழுத்துகிறார்.

செல்போனில் பிடித்த நூறு படங்களில் அம்மாவை அவ்வளவு நேரம் அவர் பார்த்திருக்க மாட்டார்.

பதினைந்து நாள் கழித்துத் தபாலில் சுருள் வருகிறது. மும்பை வீட்டு ஜன்னலில் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரத்தில் அம்மா சிரிக்கிறார். பின்னால் திண்ணைச் சுவரின் காவி நிறம்கூட அப்படியே இருக்கிறது.

நூறு ரூபாய் அதிகமா என்று அதற்குப் பிறகு அவரிடம் கேட்டுப் பாருங்கள்!