ஊரைக் கேட்டோம், இயக்கத்தைக் கேட்கவில்லை

1988இல் ரொறன்ரோவில், வெலஸ்லி - பார்லிமென்ட் சந்திக்குப் பக்கத்து அடுக்குமாடியில், இரண்டு அறை வீடொன்றில் ஏழு பேர் இருந்தோம். எல்லாரும் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர்கள். ஒருவர் வேலைக்கு எழும்ப, மற்றவர் அதே மெத்தையில் சரிவார். புதிதாக ஒருவர் வந்தால் "அண்ணை எந்த ஊர்?" என்று கேட்போம். பள்ளிக்கூடம், கோயில் திருவிழா என்று கதை நீளும். எந்த இயக்கம் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு ஓடியவர்கள் எல்லாரும் இராணுவத்துக்குப் பயந்து மட்டும் ஓடவில்லை. 1986 ஏப்ரல் கடைசியில் விடுதலைப் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழிக்கத் தொடங்கினார்கள். ஆண்டு முடியுமுன் ஈபிஆர்எல்எஃப் இயக்கத்தின் மீதும் பாய்ந்தார்கள். தமிழனுக்குப் பயந்த தமிழனும் கடவுச்சீட்டைத் தேடினான். அதே ஆண்டு ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். உலகம் எங்கள் எல்லாருக்கும் தமிழ் அகதிகள் என்று ஒரே பெயர் வைத்தது. எங்களுக்குள் அப்படி ஒரே பெயர் இருக்கவில்லை.

என்னோடு மெத்தையைப் பங்கிட்டவரின் அண்ணன் டெலோவில் இருந்து செத்தவர். என் தம்பி புலிகளில் இருந்தான். அவருடைய விஷயம் வேறொருவர் சொல்லி எனக்குத் தெரியும். என்னுடையதும் அப்படித்தான் அவர் காதுக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் ஒரே கோப்பையில் குழைத்துத் தின்றோம். நாட்டுச் செய்தி என்று யாராவது தொடங்கினால், அவர் கை கழுவ எழும்பிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். கதை முடியும்வரை தண்ணீர் ஓடும்.

இத்தனைக்கும் அகதிக் கேஸில் இருவரும் எல்லாவற்றையும் சொன்னவர்கள்தான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்கு, மொழிபெயர்ப்பாளர் வாயால், நாள் கிழமையோடு சொன்னோம். பக்கத்தில் படுத்தவனிடம் சொல்லப் பயந்தோம்.

இப்போது அந்த ஏழு பேரும் ஸ்காபரோ, மார்க்கம் என்று வீடு வாங்கிப் பேரப்பிள்ளை கண்டுவிட்டோம். ஊரில் 1990 ஜூனில் நின்ற மின்சாரத்தோடு அம்மாவின் குரலும் நின்றது. ஒரு தொலைபேசி அழைப்புக்காக அவர் கொழும்பு வரை வரவேண்டியிருந்தது. இன்று ஊர்க் கோயில் தேர் என் கைத்தொலைபேசியிலேயே ஓடுகிறது. பிரிவினையும் அதே தொலைபேசியில்தான் வருகிறது. போரில் செத்தவர்களை நினைக்கும் மே 18 வந்தால் புலிக்கொடி பிடிப்பதா வேண்டாமா என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை. முப்பது வயதுப் பிள்ளை ஒருவர் அறுபது வயதுக்காரரைத் துரோகி என்று எழுதுகிறார். அந்த ஒரு சொல்லுக்காக ஆட்கள் செத்ததைக் கண்டவன் நான். இன்றும் அதை வாசித்தால் கை நடுங்கும்.

2009 மே 10 இரவு, ஆயிரக்கணக்கான சனம் கார்டினர் விரைவுச்சாலையை மறித்து உட்கார்ந்தபோது, மெத்தையைப் பங்கிட்டவரும் வந்தார். கொடியில்லை, பதாகையில்லை. என் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. அன்றும் நாங்கள் குளிரைப் பற்றித்தான் கதைத்தோம்.

போன பனிக்காலத்தில் மகள் நிலவறையைத் துப்புரவாக்கும்போது என் பழைய கேஸ் கோப்பை எடுத்துவிட்டாள். படியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் முழுவதையும் வாசித்தாள். "அப்பா, எனக்கு ஒரு சித்தப்பா இருந்தவரா?" என்று கேட்டாள். பிறகு, "மாமாவுக்கு இது தெரியுமா?" மெத்தையைப் பங்கிட்டவரைத்தான் அவள் மாமா என்பது.

அன்றிரவு அவருக்கு எடுத்தேன்.

"என்ர தம்பி புலியிலை இருந்தவன். உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்," என்றார். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தம்பியின்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் தன் அண்ணனின் பெயரைச் சொன்னார்.