'பார்வோ'வை ஜெயித்த குட்டி... வயிறு மட்டும் ஏன் சரியாகலை?

"டாக்டர், குட்டி பொழைச்சுடுச்சு. ஆனா வயித்தால போறது மட்டும் நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு நாள் நல்லா இருக்கான். மூணாம் நாள் பார்த்தா, மறுபடியும் ஹால் பூரா நாசம்!"

கால்நடை மருத்துவர்களின் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. 'பார்வோ' வந்து, நாலைந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி, வீடே சாப்பாடு தூக்கம் இல்லாமல் காத்துக் கிடந்து, ஒருவழியாகக் குட்டி வாலை ஆட்டியதும் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருக்கும். இரண்டாவது சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வாரக்கணக்கில் இளகலாகவே போகிறது. நாற்றம் தாங்க முடியவில்லை. குட்டி ஆசையாகச் சாப்பிடுகிறது, ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்க ஆரம்பிக்கிறார்கள். "பேசாம எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்களேன்..." என்ற பேச்சும் வந்துவிடுகிறது.

எமனிடமிருந்து மீண்டு வந்த குட்டி, வயிற்றுக் கோளாறுக்காக வீட்டை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை! அதற்கு அவசியமே இல்லை. இப்படிப்பட்ட பெரும்பாலான குட்டிகளைத் தேற்றிவிடலாம். தேவை இரண்டுதான்: காரணத்தைத் தேடுவது, நிதானமாக இருப்பது.

குடலுக்குள் என்ன நடந்தது?

பார்வோ வைரஸை உலகம் முதன்முதலாக அடையாளம் கண்டது 1978-ல். இரண்டே வருடங்களில் அது உலகம் பூராவும் பரவிவிட்டது. உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ, அங்கே போய்த் தாக்குவது இதன் குணம். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் குடலின் உள்பக்கமும் எலும்பு மஜ்ஜையும்தான்.

சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி விரல்கள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுகின்றன. பார்வோ வந்தால் இந்த விரல்களுக்குப் புதிய செல்களைத் தயாரித்துக் கொடுக்கும் அடிப்பகுதியே சிதைந்துபோகிறது. டவல் வழுக்கையாகிவிடுகிறது! வாந்தியும் ரத்தக் கழிச்சலும் நின்றுவிட்டாலும் அந்த விரல்கள் பழையபடி வளர்ந்து வேலை செய்ய நாளாகும். போதாக்குறைக்கு, நோயும் மருந்துமாகச் சேர்ந்து குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் குறைத்துவிட்டிருக்கும். அதனால்தான் சாப்பாடு செரிக்காமல் அப்படியே வெளியே வருகிறது.

சில நாய்களுக்கு இந்தத் தொந்தரவு பெரிதான பிறகும் தொடர்கிறது. பார்வோவில் பிழைத்த 71 நாய்களைப் பற்றி ஜெர்மனியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அவற்றில் சுமார் 42 சதவீதத்துக்குப் பின்னாளில் நாள்பட்ட வயிற்றுக் கோளாறு இருந்தது. பார்வோ வராத நாய்களில் அது 12 சதவீதம்தான். ஆகவே, 'வைரஸ் போயிடுச்சு, இனி கவலையில்லை' என்று இருந்துவிடக் கூடாது. 'இது தீரவே தீராது' என்று கைவிடவும் கூடாது. பாதிக்கும் மேற்பட்ட நாய்கள் முழுசாகத் தேறியிருக்கின்றன என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது.

கழிச்சல் சொல்லும் சேதி

டாக்டரிடம் போகும்போது "லூஸா போறான் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு பழைய டைரியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை போனான், என்ன நிறம், எவ்வளவு, அன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்று ஒரு வாரம் எழுதுங்கள்.

ஒவ்வொரு தடவையும் நிறையப் போய், எடையும் குறைந்தால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, முக்கி முக்கி, சளியோடும் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தத்தோடும் போனால் பெருங்குடலில். மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தால், உள்ளே மேல்பகுதியில் எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இந்த விவரம் இருந்தாலே டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

எடை பார்ப்பதும் சுலபம். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். வித்தியாசம்தான் குட்டியின் எடை. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். வளரும் குட்டியின் எடை ஏற வேண்டும். அப்படியே நின்றால்கூட அது நல்ல அறிகுறி இல்லை.

முதல் சந்தேகம் யார் மேல்?

எல்லாப் பழியையும் பார்வோ மேலேயே போட்டுவிடாதீர்கள். பலவீனமான குடலில் வேறு சிலரும் குடியேறியிருக்கலாம்.

உருண்டைப்புழு, கொக்கிப்புழு, 'ஜியார்டியா', 'காக்ஸிடியா' ஆகியவை குட்டிகளிடம் சர்வசாதாரணம். அன்றைக்குப் போன மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டுபோய் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஜியார்டியா எல்லா நாளும் வெளியே தலைகாட்டாது. அதனால் ஒரு தடவை 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும், சில நாட்களுக்குள் மூன்று முறை பார்த்துவிடுவது நல்லது. பூச்சி மருந்தை இரண்டு வார வயதிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது என்பதால், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டெஸ்டில் எதுவும் கிடைக்காமல் கழிச்சல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் கணையத்தின் வேலையையும் பார்க்கச் சொல்வார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காமல், மலம் வெளுத்து, பிசுபிசுவென்று குவியலாகப் போனால் கணையம் மேல் சந்தேகம் வர வேண்டும். முக்கியமாக, நம் ஊரில் 'அல்சேஷன்' என்று சொல்கிற ஜெர்மன் ஷெப்பர்டு ஜாதியில் இது அதிகம்.

தட்டில் என்ன வைக்கலாம்?

வயிறு சரியில்லாத குட்டிக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம், சாப்பாட்டை மாற்றிக்கொண்டே இருக்காமல் இருப்பதுதான். திங்கள்கிழமை தயிர் சாதம், செவ்வாய்க்கிழமை புது பாக்கெட் உணவு, புதன்கிழமை பாவம் என்று ஒரு துண்டு ஆம்லெட்... இப்படிப் போனால் எந்தக் குடல்தான் ஆறும்?

குழைய வேகவைத்த சாதம் இரண்டு பங்கு, தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா, மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்கு வேண்டியதை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு சின்ன ஸ்பூன் சேர்த்தால் மலம் கெட்டிப்பட உதவும். சைவ வீடுகளில், வயிற்றுக் கோளாறுக்கென்றே வரும் பாக்கெட் உணவை டாக்டரிடம் கேட்டு வாங்குவது உத்தமம்.

ஆனால், சாதமும் கோழியும் மாதக்கணக்கில் கொடுக்கும் சாப்பாடு இல்லை. வளரும் எலும்புக்கு வேண்டிய கால்சியம் அதில் போதாது. மலம் கெட்டிப்பட்ட சில நாட்களில் குட்டிகளுக்கான சமச்சீர் உணவுக்கு மாறுங்கள். அதுவும் ஒரேயடியாக இல்லை. முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாவது நாள் முழுசாக.

பால் கூடவே கூடாதா?

"குட்டிக்குப் பால் கொடுக்காம எப்படி இருக்கறது?" என்று பாட்டிமார்களுக்கு ஆதங்கம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். தாய்ப்பால் மறக்க மறக்க அது நாய்களுக்குக் குறைந்துகொண்டே வரும். அந்த நொதி சுரப்பதும் பார்வோவில் தேய்ந்துபோன அதே குட்டி விரல்களில்தான்! ஆகவே, இந்தச் சமயத்தில் பசும்பால் நெருப்பில் நெய் ஊற்றின கதைதான். பொறை, ரஸ்க், கிரீம் பிஸ்கட் எல்லாவற்றுக்கும் லீவு விட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த நாய்க்கும் எப்போதுமே விஷம். சாம்பார் சாதமும் பாயசத் திராட்சையும் இதில் அடக்கம்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள்!

நமக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை, குட்டிக்கு ஆபத்தில் முடியலாம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை இன்னும் மோசம். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் தப்பு. அது மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிடும். கொடுக்கும்போது நின்ற மாதிரி தெரியும். நிறுத்தியதும் பழைய குருடி கதவைத் திறடி! இன்றைக்கு மருத்துவர்கள் தேவையென்று தெரிந்தால் தவிர, சாதாரணக் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதத் தயங்குவது இதனால்தான். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பவுடர் வேண்டுமானாலும், நாய்க்கென்றே தயாரானதை டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால்...

நாயின் பார்வோ மனிதர்களுக்குத் தொற்றாது. பயம் வேண்டாம். ஆனால் ஜாக்கிரதை தேவை. உருண்டைப்புழுவின் முட்டை கை வழியாக வாய்க்குப் போகலாம். கொக்கிப்புழு, மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் காலின் தோல் வழியே நுழையலாம். குட்டி ஆய் போனதும் உடனே எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வரட்டும்.

பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு மசியாது. முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அந்த நேரத்தில் குட்டி வேறு அறையில் இருக்கட்டும். பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது. விஷவாயு கிளம்பும்!

எப்போது ஓட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்:

* திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை.
* ரத்தமாகவோ தார் மாதிரி கறுப்பாகவோ மலம்.
* ஈறு வெளுத்து, தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிறது.
* பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் உடனே படியாமல் அப்படியே நிற்கிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.
* வயிற்றைத் தொட்டால் வலியில் கத்துகிறது. பார்வோவுக்குப் பிறகு சில குட்டிகளுக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும். அதற்கு ஆபரேஷன்தான் வழி.
* சோர்ந்து சுருண்டு படுத்துவிட்டது, கூப்பிட்டால் எழவில்லை.

வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகள்

"பார்வோதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே ஊசி எதுக்கு?"

பார்வோவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், சரி. ஆனால் டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநாய்க்கடி நோய்? அவற்றுக்கு யார் காவல்? குட்டி நன்றாகத் தேறியதும் டாக்டர் சொல்லும் தேதியில் ஊசிகளைப் போட்டு முடித்துவிடுங்கள்.

"துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். வந்தே தீர வேண்டுமென்றால், ஊசிகளை முழுசாகப் போட்டு முடித்த நாயாக இருக்கட்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை ஊசி தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, முதலில் போடும் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். 'ஒரு ஊசி போட்டாச்சே' என்று பாதியில் விட்ட வீடுகளில்தான் பல குட்டிகள் மாட்டிக்கொள்கின்றன.

செலவு பயமுறுத்துகிறதா? அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. குட்டியைத் தெருவில் விடுவது மட்டும் வழியே அல்ல. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் கிடக்கட்டும். வயிறு நோகிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. ஒரே சாப்பாடு, நாலு வரி டைரி, வாரம் ஒரு எடை, கொஞ்சம் பொறுமை... இந்த நாலும் இருந்தால், இன்றைக்கு எலும்பும் தோலுமாக இருக்கும் குட்டி சில மாதங்களில் வாசலில் நின்று தபால்காரரையே மிரட்டும்!