ஊரே போடும் திட்டம்: அட்டப்பாடியும் இடமலைக்குடியும் நமக்குச் சொல்வது என்ன?

கோவையில் வேலை பார்க்கிறீர்களா? காலையில் நீங்கள் குடித்த தண்ணீர் சிறுவாணியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்ட மலையில். அணையைத் தாண்டிப் போகும் சிறுவாணி ஆறு, பவானியில் கலக்கும் இடம்தான் அட்டப்பாடி. ஆனைகட்டி சோதனைச்சாவடியைக் கடந்தாலே வந்துவிடும்.

2013-ல் இந்த அட்டப்பாடியில் பழங்குடிப் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாருக்கு ரத்தசோகை, குழந்தைகளுக்கு எடைக் குறைவு, வீட்டில் சத்தான சாப்பாடு இல்லை. அதே 2013-ல் கேரளத்தின் சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 12. தமிழ்நாட்டில் 21, இந்தியா முழுவதும் சேர்த்தால் 40. நாட்டிலேயே நல்ல எண்களில் ஒன்றை வைத்திருந்த மாநிலத்தில்தான் இது நடந்தது.

எப்படி? மாநில சராசரியில் ஒரு மலைப்பகுதி காணாமல் போய்விடும். அதனால்தான் திட்டத்தை மாநிலத் தலைநகரில் போடாமல், அந்த இடத்திலேயே, அங்கே வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து போட வேண்டும் என்கிறார்கள். இதுதான் இடம் சார்ந்த திட்டமிடல்.

கேரளத்தில் இது எப்படி நடக்கிறது?

1996 ஆகஸ்டில் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று முடிவானது. எதற்குச் செலவழிப்பது என்பதைப் பெருமளவு அவர்களே தீர்மானிக்கலாம்.

நடைமுறை இதுதான். முதலில் வார்டு அளவில் கிராம சபை கூடி தேவைகளைச் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்திருக்க வேண்டும். பழங்குடி ஊர்களில் இதற்கு 'ஊர்க்கூட்டம்' உண்டு. அடுத்து, துறைவாரியான பணிக்குழுக்கள் வரைவு எழுதும். வளர்ச்சிக் கருத்தரங்கில் அதை விவாதிப்பார்கள். பஞ்சாயத்து இறுதி செய்ததும் மாவட்டத் திட்டக் குழு ஒப்புதல் தரும்.

1998-ல் இதோடு குடும்பஸ்ரீ சேர்ந்தது. பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அக்கம்பக்கக் குழு, அதற்கு மேல் வார்டு அளவில் ஒன்று, பஞ்சாயத்து அளவில் ஒன்று என மூன்று அடுக்கு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பஞ்சாயத்து ஆபீஸுக்கு முன்னால் இவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஏன் அட்டப்பாடியில் குழந்தைகள் இறந்தன?

நியாயமான கேள்வி. அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முதுகர், குறும்பர் வாழும் ஊர்கள் 190-க்கு மேல். 1951-ல் இங்கே பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. குடியேற்றம் கூடியது, நிலம் கைமாறியது. நிலம் போனதும் ராகியும் சாமையும் தினையும் துவரையும் தட்டிலிருந்து போயின. அந்த இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது. வயிறு நிறைந்தது, சத்து போய்விட்டது.

பணம் வராமலும் இல்லை. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 219 கோடி ரூபாய்க்கு ஒரு பெரிய சூழல் மீட்புத் திட்டம் நடந்தது. மொட்டை மலைகள் பசுமையாயின. ஊர் வளர்ச்சிக் குழுக்களே வீடுகள் கட்டின. அது முடிந்த சில ஆண்டுகளிலேயே குழந்தைகள் இறந்தார்கள். எத்தனை மரம் நட்டோம் என்ற கணக்கும், கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற கணக்கும் ஒன்றல்ல. எதை அளப்பது என்பதையும் அந்த ஊரிடம்தான் கேட்க வேண்டும்.

2013-க்குப் பிறகு என்ன மாறியது?

ஊர்களிலேயே சமூகச் சமையற்கூடங்கள் வந்தன. குடும்பஸ்ரீ பெண்கள் சமைத்து கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்குக் கொடுத்தார்கள். 2017-ல் சிறுதானிய கிராமத் திட்டம் தொடங்கி, பழைய பயிர்கள் மறுபடி மலைக்கு வந்தன. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அதன் பிறகும் குழந்தை இறப்புச் செய்திகள் வந்தன. ஆனால் தீர்வு எந்தத் திசையில் இருக்கிறது என்பது இப்போது தெரியும்.

இடுக்கியில் என்ன கதை?

மூணாறுக்கு அப்பால், வால்பாறையை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. இங்கே வாழ்கிறவர்கள் முதுவர்கள். முன்பு இது மூணாறு பஞ்சாயத்தின் ஒரு வார்டு மட்டும்தான். 2010 நவம்பர் 1-ல் 13 வார்டுகளோடு தனிப் பஞ்சாயத்து ஆனது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து இதுதான்.

பலன் கொரோனா காலத்தில் தெரிந்தது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, சாமான் வாங்க எல்லோரும் மூணாறு போகக்கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. சுமார் ஒன்றரை வருஷம் அங்கே ஒருவருக்கும் தொற்று பதிவாகவில்லை. 2021 ஜூலையில்தான் முதல் தொற்று வந்தது. மேலிருந்து யாரும் போட்ட உத்தரவு இல்லை. தங்கள் நிலப்பரப்பைத் தெரிந்தவர்கள் போட்ட திட்டம்.

ஆனால் பஞ்சாயத்து கிடைத்த உடனே சாலை கிடைக்கவில்லை. போகும் வழி இரவிகுளம் தேசியப் பூங்கா வழியாக, பெட்டிமுடியிலிருந்து. நோயாளியைத் தோளில் சுமந்து நடந்த ஊர் இது. வனப்பகுதியில் சாலை போட பஞ்சாயத்துத் தீர்மானம் மட்டும் போதாது, வனத்துறை அனுமதியும் வேண்டும்.

பெட்டிமுடி என்றதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் அங்கே 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் இருந்த லயங்கள் கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. சொந்தமாக ஒரு சென்ட் மண் இல்லாதவர், தன் வீடு எந்தச் சரிவில் இருக்கலாம் என்று எந்தச் சபையில் போய்ச் சொல்வார்?

எல்லைப் பகுதிக்கு என்று தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. பாலக்காட்டின் பரம்பிக்குளத்தைப் பாருங்கள். அது முதலமடை பஞ்சாயத்தில் சேர்ந்தது. ஆனால் வாகனத்தில் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போக டாப்சிலிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. நேர்வழிச் சாலை அங்குள்ளவர்களின் பல வருஷக் கோரிக்கை.

அடுத்தது மொழி. 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். தேவிகுளத்திலோ சித்தூரிலோ உங்கள் சொந்தக்காரர்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை. பழங்குடி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டு பெசா சட்டம், ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்குத்தான் பொருந்தும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை.

இதெல்லாம் எனக்கு எதுக்கு?

தமிழ்நாட்டிலும் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். இவற்றில் சில நாள் உங்களுக்கு எப்படியும் லீவு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அங்கே போய் உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம ஊர் அங்கன்வாடியில் எடை குறைந்த குழந்தைகள் எத்தனை பேர்? பதில் எண்ணாக வந்தால் அதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால், உங்கள் ஊரின் முதல் திட்டம் என்னவென்று தெரிந்துவிட்டது.