‘ஓம் ஐயா’ என்பது ஒப்புதல் அல்ல

புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்குச் செய்தி சேகரிக்கப் போகும் நாட்களில், வடக்குக் கிழக்கிலிருந்து வரும் எங்கள் ஆட்களிடம் நான் அதிகம் கேட்கும் சொல் ‘ஓம் ஐயா’.

அந்த ‘ஓம்’ எப்போதும் சம்மதம் அல்ல. பெரியவர் ஒருவர் கதைக்கும்போது இடையிடையே ‘ஓம், ஓம்’ என்போம். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ’ என்பதே பொருள். அதிகாரி முன்னால் தலை குனிவதும், முகத்துக்கு நேரே மறுத்துக் கதைக்காததும் எங்களுக்கு மரியாதை. ஆனால் சிங்களத்தில் ‘ஆம்’ என்பதற்குச் சொல் ‘ஒவ்’. ஓசை கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழ் தெரியாதவருக்கு எங்கள் ‘ஓம்’ ஒப்புதலாகவும், குனிந்த தலை குற்ற உணர்வாகவும் படலாம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. மலாய் மொழியில் ‘கலியாணம் முடித்துவிட்டீர்களா?’ என்று கேட்டால், வெட்டென ‘இல்லை’ என்னாமல் ‘பெலும்’, அதாவது ‘இன்னும் இல்லை’ என்பதுதான் வழக்கம். அந்தப் பண்பை அறியாதவர் அதை வாக்குறுதியாக எடுத்துவிடலாம். அவுஸ்திரேலியப் பழங்குடியினர் பொலிஸ் விசாரணையில் உடன்பாடு இல்லாமலே ‘ஆம்’ சொல்வதைப் பற்றி மொழியியலாளர் டயானா ஈட்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார்.

எங்கள் நாட்டில் இந்தத் தவறான விளக்கத்துக்கு விலை அதிகம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது சாட்சியமாகும். அதைச் சுயவிருப்பில் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது.

மட்டக்களப்புப் பகுதியில் 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பொலிஸ்காரர் ஒருவரே மொழிபெயர்த்துச் சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது; மேன்முறையீட்டில் அது 35 ஆனது. சித்திரவதை செய்யப்பட்டதாக அவர் முறையிட்டார். ஆகவே அங்கே நடந்ததை வெறும் மரியாதைப் பிரச்சினை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருடைய சொல் இன்னொரு மொழிக்குப் போகும் இடத்தில் நடுநிலையான ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அது காட்டுகிறது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு முடிவு செய்தது.

கொழும்பில் நீதிமன்ற மொழி சிங்களம். ஆனாலும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, அந்த மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. தயங்காமல் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், ‘நீங்கள் கேட்பது விளங்குது, ஆனால் நான் அதைச் செய்யேல்லை’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

‘ஐயா’வை விட வேண்டியதில்லை. ‘இல்லை ஐயா’ என்பதிலும் மரியாதை இருக்கிறது.