ஓல்ட் டாம்

ஓல்ட் டாம் என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஈடன் என்னும் ஊரை அடுத்த டூஃபோல்ட் விரிகுடாவில், மனிதர்களுடன் சேர்ந்து பெருந்திமிங்கலங்களை வேட்டையாடிய ஓர் ஆண் ஓர்க்கா ஆகும். ஓர்க்காக்கள் கொலைகாரத் திமிங்கலங்கள் என அழைக்கப்பட்டாலும், வகைப்பாட்டில் அவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்விரிகுடாவின் தொல்குடிகள் யுயின் இனத்தின் ஒரு பிரிவினரான தவா மக்கள். அவர்கள் ஓர்க்காவை பியோவா என அழைத்தனர். இறந்த தம் முன்னோரே ஓர்க்காக்களாகத் திரும்பி வருவதாக நம்பினர். ஐரோப்பியர் வருமுன்னரே அவர்களுக்கும் ஓர்க்காக்களுக்கும் உறவு இருந்ததாகக் கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்குத் தொழில் நடத்திய டேவிட்சன் குடும்பத்தினரின் படகுகளில் தொல்குடியினர் பலர் பணிபுரிந்தனர். அக்குடும்பத்தார் ஓர்க்காக்களை முதுகுத் துடுப்பின் வடிவத்தால் அடையாளம் கண்டு பெயரிட்டு அழைத்தனர்.

வேட்டை முறை

குளிர்காலத்தில் அண்டார்க்டிக் கடலிலிருந்து வடக்கே இடம்பெயரும் திமிங்கலங்கள் இக்கரையை ஒட்டிச் செல்லும். ஓர்க்காக் கூட்டம் அவற்றுள் ஒன்றைச் சூழ்ந்து விரிகுடாப் பக்கம் நெருக்கும். அதே வேளையில் ஒன்றிரண்டு ஓர்க்காக்கள் வேட்டை நிலையம் இருந்த ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து வாலால் நீரை ஓங்கி அறையும். நள்ளிரவானாலும் அவ்வோசை கேட்டு வேட்டைக்காரர்கள் துடுப்புப் படகுகளில் கிளம்புவர். எறியீட்டியால் தாக்கிக் கொல்வது மனிதர் பங்கு. திமிங்கலம் மூழ்கித் தப்பாமலும் மூச்சுவிட இயலாமலும் தடுப்பது ஓர்க்காக்களின் பங்கு.

இறந்த உடலை உடனே கரைக்கு இழுப்பதில்லை. நங்கூரமும் மிதவையும் கட்டி அங்கேயே விட்டுவிடுவர். ஓர்க்காக்கள் நாக்கையும் உதடுகளையும் மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். ஓரிரு நாளில் உடல் உப்பி மிதந்ததும் அதனை இழுத்துச் சென்று, கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுப்பர். இவ்வழக்கமே "நாக்கின் சட்டம்" எனப்பட்டது. மூழ்கிய உடலைத் துடுப்புப் படகால் இழுப்பது எப்படியும் கடினம் என்பதால், இதில் பெருந்தன்மையுடன் வசதியும் கலந்திருந்தது எனலாம்.

டாமின் பற்கள்

எறியீட்டிக் கயிற்றைப் பல்லால் பற்றிப் படகையே டாம் இழுத்துச் செல்லும் என்பது ஊரார் கூற்று. அதன் பற்கள் தேய்ந்திருப்பதைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் சுறாக்களை உண்ணும் ஓர்க்காக்களிலும் பற்கள் இவ்வாறு தேய்வதுண்டு. வயதும் இத்தகையதே. டேவிட்சன் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளுடன் டாம் வேட்டையாடியதாகக் கதை உண்டு. பல்லின் வளர்ச்சி அடுக்குகளை ஆராய்ந்தவர்களோ, இறக்கும்போது அதற்கு ஏறத்தாழ 35 வயது என மதிப்பிட்டனர். அப்படியாயின் முந்தைய தலைமுறையினர் கண்ட டாம் வேறொன்றாக இருந்திருக்க வேண்டும். கூட்டு வேட்டை நடந்ததில் ஐயமில்லை. அதை நேரில் கண்டோர் பலர்.

மறைவு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை ஒதுங்கிய ஓர்க்கா ஒன்றை ஒருவர் கொன்றார். அதன்பின் கூட்டத்தில் பல திரும்பவில்லை எனச் சொல்லப்படுகிறது. மிகை வேட்டையால் திமிங்கலங்களும் அருகின. 1930 செப்டம்பர் 17 அன்று டாமின் உடல் விரிகுடாவில் மிதந்தது. அதன் எலும்புக்கூடு ஈடன் கொலைகாரத் திமிங்கல அருங்காட்சியகத்தில் உள்ளது.

2023இல் வெளியான மரபணு ஆய்வு, டாமின் மூதாதையர் நியூசிலாந்து ஓர்க்காக்களுக்கு நெருங்கியவர் எனக் காட்டியது. எனினும் ஒப்பிடப்பட்ட இன்றைய ஓர்க்காக்களுள் அதன் நேரடி வழியினர் காணப்படவில்லை. ஈடன் கூட்டம் அற்றுப்போயிருக்கலாம் என அவ்வாய்வாளர்கள் கருதுகின்றனர்.